பயத்தில் பசி எங்கே போகிறது?

உடப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஆடியில் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கும் நாளில், விரதம் இருந்தும் பசியே தெரிவதில்லை. வயிறு மட்டும் கலக்கிக்கொண்டே இருக்கிறது. குழியைத் தாண்டியதும் அகோரப் பசி. ஏன்?”

பக்தியின் கணக்கு அம்மனுக்கு. வயிற்றின் கணக்கைப் பார்ப்போம்.

பயந்தால் அட்ரினலின், கோர்ட்டிசோல் எல்லாம் சுரக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். கோர்ட்டிசோலைக் கிளப்பிவிடுவது மூளையின் ஹைபோதலமஸ் சுரக்கும் சி.ஆர்.எஃப். என்ற ஹார்மோன். இது குடலிலும் கை வைக்கிறது. ஒரு வகை ஏற்பி வழியாக இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. இன்னொரு வகை வழியாகப் பெருங்குடலை விரட்டுகிறது. பசி உணர்வையும் அடக்குகிறது.

ஹர்த்தால் அறிவித்ததும் பலசரக்குக் கடை முதலாளி முன் ஷட்டரை இழுத்துவிட்டு, பின்வாசலால் சரக்கை அப்புறப்படுத்துவது போலத்தான். வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருக்கும் பையனுக்கு இது தெரியாது. அவன் மொத்த வியாபாரிக்கு போன் போட்டு அரிசி, பருப்பு, சீனி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். ஷட்டர் திறந்ததும் லொறிகள் வரிசையாக வந்து நிற்கின்றன, பில்லோடு!

அந்தப் பையன்தான் கிரெலின், பசி ஹார்மோன். இரைப்பைச் சுவரில் அதைச் சுரக்கும் செல்களின் மேல் பீட்டா-1 ஏற்பிகள் உண்டு. பதற்றத்தில் நரம்பு நுனிகள் கக்கும் நோர் அட்ரினலின் அங்கே போய் ஒட்டினால் கிரெலின் வெளியேறும். பட்டினி போட்ட சுண்டெலிகளுக்கு, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அட்டெனோலோலைக் கொடுத்து இந்த ஏற்பியை அடைத்தபோது, ஏற வேண்டிய கிரெலின் ஏறவில்லை. 2010இல் வெளிவந்த ஆய்வு இது. ஆக, பயம் பசியை அடக்கும் அதே வேளையில் பசி ஹார்மோனையும் தூண்டக்கூடும். அடக்கிய கை விலகினால் பசி பொங்குவதில் என்ன ஆச்சரியம்?

வரலாறு கேட்பவர்களுக்கு: 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்ட செக்ரெட்டின்தான் முதல் குடல் ஹார்மோன். சி.ஆர்.எஃப்பை 1981இல் வைலி வேல் குழுவினர் செம்மறியாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிரெலின் 1999இல் ஜப்பானில் கிடைத்தது. போதும்.

பதற்றத்துக்கும் பசிக்கும் உள்ள இந்தத் தொடர்பை வைத்து ‘கோர்ட்டிசோலைக் குறைத்துத் தொப்பையைக் கரைக்கும்’ பவுடர் விற்பவர்களிடம் ஒரு கேள்வி: ஏற்பியை அடைத்துப் பார்த்தது சுண்டெலியில், மனிதர்களிடம் பதற்றத்தின்போது கிரெலின் அளந்த ஆய்வுகளோ ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் பவுடர் மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாகப் பேசுகிறது?

வாசகருக்கு ஒன்று. விழா முடிந்தும் வாரக்கணக்கில் வயிறு கலங்கினால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், காரணமின்றி உடல் மெலிந்தால், பழியை ‘டென்ஷன்’ மேல் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். வைத்தியரைப் பாருங்கள்.