பாலத்தை மடித்து வைக்கும் இரயில் பாதை: கோடையில் மட்டும் விழிக்கும் கிளெட்ஷ்

சுவிட்சர்லாந்து மலைகளில், ஏறக்குறைய 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிளெட்ஷ். பழைய தங்கும் விடுதி, சில கட்டடங்கள், ஓர் இரயில் நிலையம், ஊரே அவ்வளவுதான். குளிர்காலத்தில் அங்கு யாரும் குடியிருப்பதில்லை. ஜூன் இறுதியில் நீராவி இரயிலின் ஊதல் கேட்கும்போதுதான் ஊருக்கு உயிர் வரும்.

கோடையில் மட்டும் ஏன்?

காரணம் பனிச்சரிவு. இப்பாதையில் ஷ்டெஃபன்பாக் ஓடையின் மேல் முதலில் கட்டிய கற்பாலத்தைப் பனி அடித்துச் சென்றது. அதனால் 1925இல் மடக்கக்கூடிய இரும்புப் பாலம் அமைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் குளிருக்கு முன் அதை மடித்து ஒதுக்கி, கோடைக்கு முன் மீண்டும் பொருத்துகிறார்கள்.

வியட்நாம் போய் வந்த இயந்திரங்கள்

1914இல் கிளெட்ஷ் வரை வந்த இரயில், 1926இல்தான் ஃபுர்கா மலையைக் கடந்தது. பிறகு பாதை மின்மயமானதால், நீராவி இயந்திரங்கள் சிலவற்றை 1947இல் வியட்நாமின் டா லாட் மலைப்பாதைக்கு விற்றுவிட்டார்கள்.

1982இல் மலைக்கு அடியில் 15 கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் இரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் கிளெட்ஷ் கைவிடப்பட்டது. தண்டவாளத்தையே பெயர்த்தெடுக்கும் நிலை வந்தபோது, ஆர்வலர்கள் 1983இல் சங்கம் அமைத்தார்கள். 1990இல் வியட்நாமிலிருந்து பழைய இயந்திரங்களையும் மீட்டு வந்தார்கள்.

பாதை துண்டு துண்டாகத்தான் உயிர்பெற்றது. 1992இல் முதல் பகுதி திறந்தது. கிளெட்ஷுக்கு இரயில் திரும்பியது 2000இல். ரெயால்ப் முதல் ஓபர்வால்ட் வரையிலான சுமார் 18 கிலோமீட்டரும் முழுமையானது 2010இல்.

ஊட்டிக்கும் உறவு

நீலகிரி மலை இரயிலில் பயணம் செய்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இரண்டு பாதைகளிலும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தை இயந்திரத்தின் பற்சக்கரம் பற்றி ஏறுகிறது. இரண்டின் பழைய நீராவி இயந்திரங்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் ஒரே தொழிற்சாலையில் உருவானவை.

திரும்பாத பனியாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுற்றுப்பயணிகள் கிளெட்ஷுக்கு வந்தது ரோன் பனியாற்றைப் பார்க்கத்தான். அன்று பள்ளத்தாக்கின் தரை வரை இறங்கியிருந்த பனி, புவி வெப்பமடைவதால் இன்று மலைமேல் வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. இரயில் திரும்பி வந்தது, பனி வரவில்லை.

பாதையைப் பழுதுபார்ப்பது, கரி அள்ளிப் போடுவது, பயணச்சீட்டைச் சரிபார்ப்பது எனப் பெரும்பாலான வேலைகளைத் தொண்டூழியர்களே செய்கிறார்கள். அவர்கள் வந்து பாலத்தைப் பொருத்தினால்தான் அடுத்த கோடையிலும் மலையைத் தாண்டி வரும் இரயில் கிளெட்ஷில் நிற்கும்.