வயலில் யார் யாருக்கு உணவு?

குறுவை நட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். காலையில் மடை பார்க்கப் போகிறீர்கள். பயிரைக் கையால் விலக்கினால் கொசு போன்ற சிறு பூச்சிகள் தண்ணீர் மட்டத்திலிருந்து கூட்டமாக எழும்புகின்றன. சேற்றைக் கிளறினால் சிவப்பு நூல் போன்ற புழுக்கள் நெளிகின்றன. "பூச்சி விழுந்துவிட்டது" என்று அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு.

அந்தப் பூச்சி நெல்லைத் தின்பதில்லை. மனிதரைக் கடிப்பதும் இல்லை. சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்கள் அதன் இளம் பருவமே. ஆனால் அதை மருந்தடித்து அழித்தால் இரண்டு மாதம் கழித்து ஒரு நஷ்டம் வந்து சேரக்கூடும். எப்படி என்று விளங்கிக்கொள்ள, வயலில் உள்ள உயிர்களுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற வரவு செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வரவு சூரியனிடமிருந்து

வயலுக்குள் சக்தி வரும் வழி ஒன்றுதான், அது வெயில். வயலில் விழும் வெயிலில் ஏறக்குறைய பாதிதான் பயிர் பயன்படுத்தக்கூடிய ஒளி. அதிலும் பெரும் பகுதி இலையைச் சூடாக்குவதிலும், நீரை ஆவியாக்குவதிலும், இலை மூடாத இடத்தில் தரையில் விழுவதிலும் போய்விடுகிறது. ஒரு பருவம் முழுவதும் கணக்கிட்டால், வயலில் விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் இரண்டு பங்குதான் தாளாகவும் மணியாகவும் சேமிப்பாகிறது. பயிர் தயாரித்த உணவிலும் ஒரு பெரும் பங்கு அதன் சொந்த மூச்சுக்கே செலவாகிறது. பயிருக்கு மூச்சு உண்டா என்று கேட்காதீர்கள். ஈரம் காயாத நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறுகிறதே, அது மணியும் பூசணமும் சேர்ந்து மூச்சு விடுவதால் வருவதே.

இந்தச் சேமிப்பைத்தான் வயலில் உள்ள மற்ற உயிர்கள் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. புகையான் நெல்லின் சாற்றை உறிஞ்சுகிறது. சிலந்தி புகையானைத் தின்கிறது. தவளை சிலந்தியையும் பூச்சியையும் விழுங்குகிறது. தவளையைப் பாம்பு பிடிக்கிறது. ஆனால் ஒன்றிடம் இருந்த சக்தி முழுவதும் அடுத்ததன் உடம்பில் சேர்வதில்லை. தின்றதில் ஒரு பகுதி கழிவாகிறது. பெரும் பகுதி ஓடவும், பறக்கவும், மூச்சு விடவும் செலவாகி, சூடாகக் காற்றில் கலந்துவிடுகிறது. உடம்பாக மிஞ்சுவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

இந்தக் கணக்கை முதன்முதலில் முறையாகப் போட்டவர் ரேமண்ட் லிண்டமன் என்ற இளம் அமெரிக்க விஞ்ஞானி. மினசோட்டா மாநிலத்தில் ஒரு சிறு ஏரியில் பாசி, புழு, மீன் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் எடை போட்டுப் பார்த்தார். 1942இல் அவர் கட்டுரை அச்சாவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

பத்தில் ஒன்று என்பது சராசரிதான். இடத்துக்கு இடம், உயிருக்கு உயிர் கூடும், குறையும். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டிய எலியும் பறவையும் தின்றதில் பெரும் பகுதியை அதற்கே எரித்துவிடுகின்றன. பூச்சியும் சிலந்தியும் இவ்வளவு எரிப்பதில்லை. கணக்குக்கு வசதியாகப் பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். நெல்லில் பத்தாயிரம் பங்கு சக்தி என்றால் அதைத் தின்னும் பூச்சியில் ஆயிரம், சிலந்தியில் நூறு, தவளையில் பத்து, பாம்பில் ஒன்று. ஊருக்கு ஊர் எலி ஆயிரக்கணக்கில் இருக்க, கூகை இரண்டோ மூன்றோ மட்டும் இருப்பதன் காரணம் இதுதான். மேல் படியில் இருப்பவை எப்போதும் குறைவு. ஒன்று போனாலும் ஈடு செய்வது கடினம்.

சத்து சுற்றும், சக்தி சுற்றாது

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் வருவதுண்டு. "வைக்கோலை மாடு தின்கிறது, சாணம் எருவாகி வயலுக்கே வருகிறது. பிறகு சக்தி எப்படி வீணாகும்?" என்று கேட்பார்கள். திரும்பி வருவது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை. இவை சுற்றிச் சுற்றி வரும். சக்தி அப்படியல்ல, ஒரு முறை எரிந்தால் போனது போனதுதான். எருக்குழியைக் கிளறும்போது ஆவி பறக்கிறதல்லவா? போன பருவத்தில் உங்கள் பயிர் பிடித்து வைத்த வெயில்தான் அப்படிச் சூடாக வெளியேறுகிறது. எருவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கின்றன. சாணத்தை வறட்டியாகத் தட்டி எரித்தாலோ இந்த நுண்ணுயிர்களுக்கும் ஒன்றும் கிடையாது, தழைச்சத்தும் புகையோடு போய்விடும்.

இந்த மக்கும் பொருள்தான் நாம் தொடங்கிய கதைக்கு முக்கியம். வயலில் சக்தி போகும் பாதை இரண்டு. ஒன்று, பச்சைப் பயிரிலிருந்து நேராகப் போவது. மற்றொன்று, மடக்கி உழுத அரிதாள், மிதித்த தக்கைப்பூண்டு, தொழு உரம் ஆகியவை மக்கி, நுண்ணுயிர்களுக்கும் அவற்றிலிருந்து நீரில் வாழும் சிறு உயிர்களுக்கும் போவது. நட்ட முதல் மாதத்தில் பயிர் சிறியது. அதைத் தின்னும் பூச்சியும் குறைவு. ஆனால் சிலந்தி வரப்பிலிருந்து இறங்கி வந்துவிட்டது, தட்டான் பறக்கிறது, ஊசித்தட்டான் வந்துவிட்டது. இவை எதைத் தின்று பிழைக்கும்? கொசு போன்ற அந்தப் பூச்சிகளைத்தான். போன பருவத்து அரிதாளின் சக்தி, இந்தப் பருவத்துக் காவற்காரருக்கு முன்பணமாகக் கிடைக்கிறது. புகையான் வந்து சேரும்போது வயலில் சிலந்திகள் முன்னரே பெருகி நிற்கும்.

இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் நெல் வயல்களில் செய்த ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டியது. அதன் முடிவுகள் 1996இல் வெளிவந்தன. அந்த நாடு இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1970களில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. 1986இல் அந்த அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாதென்று தடை செய்தது. விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை. நம் பக்கத்திலும் 1973-74இல் கேரளத்து வயல்கள் புகையானால் பெரும் சேதமடைந்ததை மூத்த விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

மருந்துக்குப் பின் யார் முதலில் எழுவது?

முதல் மாதத்தில் மருந்து அடித்தால் நடப்பது இதுதான். புகையானின் முட்டை இலையுறைக்குள் பொதிந்திருக்கிறது. மருந்து அதை எட்டுவதில்லை. அதன் உணவாகிய நெற்பயிரும் பச்சைப் பசேலென்று அப்படியே நிற்கிறது. குஞ்சு பொரித்ததும் விருந்து தயார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வந்துவிடும். சிலந்தியின் நிலை வேறு. அதுவும் சாகிறது, அதன் உணவான பூச்சிகளும் சாகின்றன. தப்பிய ஒன்றிரண்டு சிலந்திக்கும் தின்ன ஏதுமில்லை. பத்தில் ஒரு பங்கை நம்பிப் பிழைப்பது, உணவு நின்றால் உடனே எழ முடியாது. ஒரு ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அது இல்லாத வயலில் அத்தனையும் சாறு உறிஞ்சும். கதிர் வரும் சமயத்தில் வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்து போகும். அப்போது அடிக்கும் மருந்து பணத்துக்கும் கேடு.

சக்தி படிக்குப் படி குறைகிறது; ஆனால் எளிதில் சிதையாத சில விஷங்கள் படிக்குப் படி கூடுகின்றன. தின்ற உணவு எரிந்து போகும், டி.டி.டி. போன்ற மருந்து எரியாமல் கொழுப்பில் தங்கிவிடும். நூறு பூச்சியில் இருந்த விஷம் ஒரு தவளையில், பத்துத் தவளையில் இருந்தது ஒரு பாம்பில். அதனால்தான் பருந்து, கூகை போன்றவற்றுக்கே முதலில் ஆபத்து நேர்ந்தது. நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன், 1987இல், தவளைக்கால் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. தவளையை விற்ற காசில் மருந்து வாங்கிய காலமும் ஒன்று இருந்தது.

மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. துங்ரோ நோய் பரவும் இடத்தில் அதைக் கொண்டுவரும் பச்சைத் தத்துப்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் முதல் மாதத்தில் இலையில் சிறிது கடி விழுந்தால், வளமான பயிர் புதுத் தூர் விட்டு ஈடு செய்துகொள்ளும். நடும்போது எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விடுங்கள். காற்றும் வெயிலும் அடித்தூரில் பட்டால் புகையானுக்கு ஆகாது. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள். தழைச்சத்து மிகுந்த சாறு புகையானுக்குக் கொழுத்த தீனி. செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைப் புகையானுக்கு அடிக்க வேண்டாம். அவை அதைப் பெருக்கியே விடும். எலிக்கு வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வையுங்கள். இரவில் கூகை வந்து உட்காரும்.

எப்போது அடிப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. வயலுக்குள் இறங்கிக் குத்துகளை விலக்கி, நீர் மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பாருங்கள். ஒரே மூலையில் பார்க்காமல் வயல் நெடுகப் பல இடத்தில் எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலானால் தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் வந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரும் வரை பொறுக்கலாம். பூச்சியை எண்ணும்போதே சிலந்தியையும் எண்ணி, இரண்டையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். அடுத்த வாரம் அதே இடங்களில் எண்ணும்போது எது கூடுகிறது, எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.