விளக்கை அணைத்த பிறகுதான் போராட்டம்

நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு இந்தச் சோதனை பழக்கமானது. அகார் ஊற்றிய பெட்ரி தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மூடியைக் கழற்றி, பாதித் தட்டை ஓர் அட்டையால் மறைத்து, புற ஊதா விளக்கின் கீழ் சில விநாடிகள் வைப்பார்கள். மூடியைக் கழற்ற மறந்தால் சோதனை வீண்; சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். மறுநாள் பார்த்தால், அட்டை மறைத்த பாதியில் பாக்டீரியா அடர்ந்து வளர்ந்திருக்கும். மறுபாதி வெறுமை; அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள்.

கதிர் காட்டிய தட்டை உடனே அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைக்கவும் என்று செய்முறைக் குறிப்பில் ஒரு வரி இருக்கும். பலரும் காரணம் கேட்காமலே சுற்றிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

1940களின் பிற்பகுதி. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற மண் பாக்டீரியாவின் வித்துகள்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்திக்கொண்டிருந்தார். கதிரால் மரபணு மாறிய வகைகளிலிருந்து புதிய மருந்து ஏதும் கிடைக்குமா என்பது அவருடைய தேடல். ஆனால் கணக்கு உதைத்தது. அதே வித்து, அதே அளவு கதிர். பிழைத்தவற்றின் எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் தாறுமாறாக மாறியது. வெப்பநிலைதான் காரணமோ என்று அதையும் கட்டுப்படுத்திப் பார்த்தார். பயனில்லை.

வித்துகள் இருந்த புட்டிகள் ஒரு வெந்நீர்த் தொட்டியில் தொங்கின. தொட்டியின் முன்பக்கம் கண்ணாடி. அது இருந்த மேசை ஜன்னலோரம். சில புட்டிகள்மீது வெளிச்சம் நன்றாக விழுந்தது, சிலவற்றின்மீது விழவில்லை. கெல்னர் அதைக் கவனித்தார். வெளிச்சத்தில் வைத்தும் இருட்டில் வைத்தும் ஒப்பிட்டபோது, வெளிச்சம் பட்டவை 1 லட்சம் முதல் 4 லட்சம் மடங்கு வரை கூடுதலாகப் பிழைத்திருந்தன. இருட்டில் இருந்தவற்றில் மீட்சியே இல்லை. 1949இல் முடிவுகள் வெளியாயின. ஒத்துவராத எண்களை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. இந்தக் கண்டுபிடிப்பில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

ஆய்வக விளக்கின் 254 நானோமீட்டர் கதிரை டி.என்.ஏ. நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது அதில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி அந்த இடத்துக்கு வந்ததும் முட்டி நிற்கிறது. ஆக, பெரும்பாலான பாக்டீரியா கதிர் பட்ட கணத்திலேயே சாவதில்லை. காயத்தோடு இருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் பழுதைச் சரிசெய்துகொண்டால் பிழைக்கும், இல்லையேல் சாகும். மறுநாள் நாம் எண்ணும் காலனிகளின் கணக்கு, விளக்கை அணைத்த பிறகே தீர்மானமாகிறது.

வெளிச்சத்தில் பழுதுபார்க்கும் நொதியின் பெயர் ஃபோட்டோலயேஸ். 1950களின் இறுதியில் ஸ்டான்லி ரூபர்ட் அதை இனங்கண்டார். பின்னர் அவரிடம் மாணவராகச் சேர்ந்த துருக்கியரான அஸீஸ் சன்ஜார் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்; டி.என்.ஏ. பழுதுபார்ப்பு ஆய்வுக்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த நொதி இருட்டிலேயே ஒட்டிய தைமின்களைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. பிரிக்க மட்டும் நீல ஒளி வேண்டும்; தட்டைத் தாளில் சுற்றுவது அந்த ஒளி கிடைக்காமல் இருக்கத்தான். ஒளி கிடைத்ததும் ஓர் எலக்ட்ரானைத் தந்து, ஒட்டை அவிழ்த்து, அந்த எலக்ட்ரானைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இவ்வளவும் ஒரு நானோ விநாடிக்குள் முடிந்துவிடுகிறது! மனிதர்களுக்கு இந்த நொதி கிடையாது.

வெளிச்சமே இல்லாவிட்டாலும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு வேறு வழி உண்டு. பழுதான இழையில் 12, 13 எழுத்துகளை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. 1964இல் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின.

அதற்கும் முன்பே, 1944 கோடையில், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஈவ்லின் விட்கின் என்ற இளம் ஆய்வாளர் ஈ.கோலைமீது மிதமிஞ்சிய கதிரைச் செலுத்தினார். நான்கே நான்கு காலனிகள் பிழைத்தன. தட்டைக் கழுவிப் போட்டுவிடாமல் அவற்றை வளர்த்து மறுபடி கதிர் காட்டினார், அவை தாக்குப்பிடித்தன. அவர் முதலில் எடுத்துக்கொண்ட வகை பாக்டீரியா கதிர் பட்டால் இரண்டாகப் பிளவுபடாமல் நீண்ட இழையாக வளர்ந்துகொண்டே போய்ச் செத்துவிடும். தப்பியவை பழையபடி பிளவுபட்டன. இந்த வேறுபாட்டைத் துரத்தியே, 1970களில் விட்கினும் மிரோஸ்லாவ் ராட்மனும் பாக்டீரியாவின் அவசரகால ஏற்பாடான எஸ்.ஓ.எஸ். இயக்கத்தை விளக்கினார்கள். முட்டி நிற்கும் இடத்தைத் தப்பும் தவறுமாகவாவது படியெடுத்துக் கடக்கும் நொதிகளும் அதில் அடக்கம். உயிர் தப்புகிறது, விலையாக மரபணுவில் பிழைகள் சேர்கின்றன.

கதிரைத் தாங்கும் திறனில் டெய்னோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ் என்ற பாக்டீரியா தனி ரகம். ஜப்பானின் டன்போபோ திட்டத்தில் அதை உலர்த்தி, பல தடிமன்களில் படியவைத்து, சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே 3 ஆண்டுகள் வரை வைத்தார்கள். மேலடுக்கு செத்துப்போனது. செத்த செல்களே கூரையாகிக் காத்ததில், அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமனாக இருந்தவற்றின் உட்பகுதி பிழைத்திருந்தது.

பல வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பான்களில் இருப்பதும் ஆய்வக விளக்கின் அதே புற ஊதாக் கதிர்தான். ஈ.கோலையை அடக்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 மில்லிஜூல் போதும் என்றாலும், குடிநீருக்கு 40 வரை வைக்கிறார்கள். சில வைரஸ்கள் கூடுதலாகத் தாங்கும் என்பது ஒரு காரணம். குறைந்த அளவில் காயப்பட்ட பாக்டீரியா மீண்டுவிடக்கூடும் என்பது இன்னொன்று. விளக்கில் தெரியும் நீல ஒளி கிருமியைக் கொல்வதில்லை, கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பழசாகும்போது நீலம் அப்படியே இருக்க, அந்தக் கதிர் மட்டும் குறைந்துகொண்டே வரும். எரிகிறதே என்று விட்டுவிடாமல், பெரும்பாலான விளக்குகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும்.