எட்டுத் தந்தியும் நானும்

நமது சங்க விழாக்களில் பாட்டு உண்டு, நாடகம் உண்டு. வாத்தியம் வாசிப்போர்தாம் அருமை. ஆகவே மலர்க் குழுவினர், "நீர்தான் மாண்டலினோடு மல்லுக்கட்டுகிறீரே, அதைப்பற்றி எழுதும்" என்று பணித்துவிட்டார்கள். வித்துவான் எழுதவேண்டியதை, ஒன்றரை ஆண்டு மட்டுமே பழகியவன் எழுதுகிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

வாத்தியம் என்னுடையதன்று. மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபது ஆண்டு வாசித்த என் தாய்மாமனுடையது. பக்கவாதம் அவருடைய இடக்கையை முடக்கிவிட்டது. நான் தில்லிக்குப் புறப்பட்ட அன்று, "சும்மா கிடந்தால் கெட்டுப்போகும், மாப்பிள்ளை, நீ எடுத்துக்கிட்டுப் போ" என்று பெட்டியோடு கையில் கொடுத்தார். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாண்டலின் இத்தாலி நாட்டுச் சரக்கு. நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினுக்குப் பாதிப் பூசணிக்காய் போல் முதுகு புடைத்திருக்கும். மாமாவுடையது தட்டை முதுகு. தந்திகள் எட்டு; ஆயினும் இரண்டிரண்டாகச் சேர்ந்த நான்கு சோடிகள் என்று கொள்ளவேண்டும். ஒரு சோடியில் இரண்டுக்கும் ஒரே சுருதி. தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஜி, டி, ஏ, ஈ. மேனாட்டு வயலினுக்கும் இதுவேதான். ஒவ்வொரு சோடியும் தனக்கு முந்திய சோடியின் பஞ்சமம். ஆதலால் ஒரு சோடியை ஏழாம் மெட்டில் அழுத்தி மீட்டினால், அடுத்த சோடியின் வெறுந்தந்தி ஒலி கேட்கவேண்டும். சுருதி சேர்க்கக் கைபேசியில் செயலி உண்டு. இருப்பினும் காதுக்கு இந்த ஏழாம் மெட்டுப் பழக்கம் அவசியம்.

எனக்கு முதல் நாளே வினை வந்தது. மீட்டியது ஒரு தந்தி; முறுக்கியது மற்றொன்றின் திருகு. சுருதி ஏறவில்லையே என்று முறுக்கிக்கொண்டே போனேன். 'பட்'டென்று அறுந்த ஈ தந்தி புறங்கையில் கோடு கிழித்தது. சரி, புதுத் தந்தி போடுவோம் என்று எட்டையும் ஒருங்கே கழற்றினேன். குதிரை கழன்று மடியில் விழுந்தது! மாமாவின் வாத்தியத்தை உடைத்தே விட்டேன் என்று அன்றிரவு நான் உண்ணவில்லை.

உண்மையில் மாண்டலினின் குதிரையை ஒட்டுவதே இல்லை. தந்திகளின் அழுத்தம் ஒன்றே அதை நிறுத்திவைக்கிறது. ஆகவே ஒன்றைக் கழற்றி, அதற்குப் புதியது கட்டி, பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். குதிரை நகர்ந்துவிட்டால் பன்னிரண்டாம் மெட்டே சாட்சி. அம்மெட்டுக்கு நேர்மேலே விரலை இலேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல் ஒரு நாதம் எழும். அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரையைத் தண்டியைவிட்டு விலக்கி வைக்கவேண்டும், இறங்கியிருந்தால் நெருக்கவேண்டும். மயிரிழை நகர்த்தினாலும் காது கண்டுகொள்ளும்.

தில்லி வெயில் மற்றோர் ஆசிரியர். விடுதியின் மாடியறையில், சன்னலோரம் பெட்டியை வைத்துவிட்டுத் தேர்வுக்குப் படித்தேன். மே மாத அனலில் மரம் உலர்ந்து, முதுகுப் பலகையின் ஓரப் பொருத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி கண்டது. தரியாகஞ்சில் ஒரு முதியவர் வச்சிரம் காய்ச்சி ஒட்டிக் கொடுத்தார். என்னை ஏசியதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை. அன்று முதல் பெட்டி கட்டிலுக்கடியில், உட்சுவரோரம். வாசித்து முடித்தால் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைக்கிறேன். வியர்வை பட்ட எஃகு துருப்பிடிக்கும்.

கற்பித்தவர் கரோல்பாக்கில் வயலின் சொல்லிக்கொடுக்கும் மாமி ஒருவர். "எனக்கு மாண்டலின் தெரியாதேடா" என்றார் முதலில். பிறகு தாமே ஒரு வழி கண்டார்: ஜி சோடியின் வெறுந்தந்தியை ஷட்ஜமாகக் கொண்டால் ரி, க, ம மூன்றும் முதலாம், நான்காம், ஐந்தாம் மெட்டுகளில் விழும். பஞ்சமம் டி வெறுந்தந்தி. அதிலும் அதே மூன்று மெட்டுகளில் த, நி, மேல் ஷட்ஜமம். மாயாமாளவகௌளை முழுவதும் இரண்டு சோடிகளில் ஒரே அச்சாக அடங்கிவிட்டது! சரளி வரிசை அன்றே தொடங்கியது.

தெரியாத வாத்தியத்தை மாமி கற்பித்தது புதுமையுமன்று. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அவர்களுடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவும் மாண்டலின் வாசித்தவரல்லர். அவர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடுவான். பின்னாளில் ஸ்ரீநிவாஸ் கையாண்டது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலின். சோடித் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க முயன்றவர்களுக்கு அதன் காரணம் விரலிலேயே தெரியும்.

தொடக்கத்தில் விரல் நுனி எரியும். மெட்டின்மேல் அழுத்தாமல், அதற்குச் சற்று முன்னே அழுத்தினால் பாதி வலி குறையும். பிக்கை இறுக்கிப் பிடிக்கலாகாது. கீழும் மேலுமாக விரைந்து மீட்டி ஒலியை நீட்டும் வித்தை மணிக்கட்டில் இருக்கிறது. முழங்கையிலிருந்து மீட்டினால் தோள்தான் நோகும். எனக்கு இன்னும் அது முழுதாய் வரவில்லை.

சென்ற பொங்கலன்று தொலைபேசியில் மாமாவுக்கு ஒரு கீதம் வாசித்துக் காட்டினேன். முடிந்ததும் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "ஏ சோடியிலே ஒண்ணு இறங்கியிருக்கு, மாப்பிள்ளை, பார்" என்றார்.

பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.