பேதியிலும் அடைபடாத உப்பு வழி

குஜிலியம்பாறை போன்ற வறண்ட வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையமானாலும் பெருநகர மருத்துவமனையானாலும், பேதி கண்டவருக்கு முதலில் கொடுக்கப்படும் ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொட்டலத்தின் அடக்கம் ஒன்றே. 2002ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் திருத்தி அமைத்த அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு ஆகியவை அதில் கலந்துள்ளன. இந்த அளவுகளுக்கான காரணம், குடலின் உட்சுவரில் உள்ள செல்களின் சவ்வை உப்பு கடக்கும் முறையில் அடங்கியிருக்கிறது.

சிறுகுடலின் உட்புறத்தை ஒரே ஒரு செல் தடிமனுள்ள அடுக்கு மூடியிருக்கிறது. அச்செல்களின் சவ்வு கொழுப்பால் ஆனதாகையால், நீரில் கரைந்த உப்பிலிருந்து பிரியும் மின்னூட்டம் கொண்ட சோடியம், குளோரைடு துகள்கள், அதாவது அயனிகள், அதைத் தாமாகக் கடக்க இயலாது. சவ்வில் பதிந்துள்ள புரதங்களே அவற்றுக்கு வழிவிட வேண்டும். செல்லின் இரத்தப் பக்கத்தில் உள்ள ஒரு புரதம், ஆற்றலைச் செலவிட்டு, மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. 1957இல் இதைக் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இந்த இடைவிடாத வேலையால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருப்பதால், மேட்டுநீர் பள்ளத்துக்குப் பாய்வது போல, குடலுக்குள் கிடக்கும் சோடியம் வழி கிடைத்த இடத்திலெல்லாம் செல்லுக்குள் பாய்கிறது, அதன் பின்னே நீரும் செல்கிறது. உண்பதும் பருகுவதும் உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர் முதலியவையும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 9 லிட்டர் நீர் குடலில் இறங்கினாலும், மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிலிட்டர்கூட இல்லை என்பது இந்த ஏற்பாட்டின் திறனைக் காட்டுகிறது.

காலரா குலைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். நோயை உண்டாக்குவது கிருமி வெளியிடும் ஒரு நச்சு என்பதை, முயலின் குடல் துண்டுகளைக் கட்டி வைத்துச் செய்த சோதனைகளால் கல்கத்தாவின் சம்புநாத் தே 1959இல் நிறுவினார். அவர் வாழ்நாளில் அதற்குரிய பெருமை அவருக்குக் கிட்டாதது பெரும் குறையே. செல்லுக்குள் நுழையும் அந்த நச்சு, சுழல் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருளின் அளவை ஏற்றிவிட, குடற்பக்கத்துக் குளோரைடு கால்வாய்கள் திறந்தே கிடக்கின்றன. குளோரைடு வெளியே கொட்ட, செல்களின் இடைவெளி வழியே சோடியமும் அதன் பின்னே நீரும் குடலுக்குள் வடிகின்றன. ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டுச் சோடியத்தை உள்ளே வாங்கும் வழக்கமான புரதமும் அதே வேளையில் முடங்குகிறது. எனவே வெறும் உப்புநீரைக் குடிப்பதால் பயனில்லை.

ஆனால் ஒரு வழியை நச்சு தொடுவதில்லை. சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் சவ்வைக் கடக்கவிடும் புரதம் ஒன்று உண்டென்ற கருத்தை அமெரிக்கரான ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் முன்வைத்தார். இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோஸ் என்ற கணக்கில் அது அவற்றை ஏற்றிக்கொள்கிறது. 1971இல் வங்காளத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நெருக்கடியில், திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கவைத்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

உயிர் தப்பியும் பேதி உடனே நிற்பதில்லை என்ற குறையை ஆராய்ந்ததில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குத் தனி இடமுண்டு. பெருங்குடலில் குளுக்கோஸ் வழி இல்லை. ஆனால் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன, அவை உறிஞ்சப்படும்போது சோடியமும் நீரும் உடன் செல்கின்றன. இதை நம்பி, பி. எஸ். இராமகிருஷ்ணா, ஹென்றி பைண்டர் முதலியோர் காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கரைசலும், மற்றொரு பிரிவினருக்கு அதனுடன் அரிசிமாவும், மூன்றாவது பிரிவினருக்கு அதே கரைசலுடன் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவும் கொடுத்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, முதற்பிரிவில் சராசரியாக 91 மணி நேரம் நீடித்த பேதி, மக்காச்சோள மாவு பெற்றோரிடம் 57 மணி நேரத்தில் நின்றது. அரிசிமாவு பெற்றோர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டனர். பேதிக்குக் கஞ்சி கொடுக்கும் வீட்டு வழக்கத்தை எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்கு இது ஓரளவு சான்று.

கரைசலில் சர்க்கரையைக் கூட்டினால் பலன் கூடும் என்று எண்ணுவது தவறு. உறிஞ்சப்படாமல் தங்கும் சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை மிகுவிக்கும். இனிப்பு மிகுந்து உப்பு குறைந்த புட்டிக் குளிர்பானங்களும் அதையே செய்கின்றன. பொட்டலத்தைக் குறைந்த நீரில் கலக்கினாலும் இதே தீங்குதான். ஓ.ஆர்.எஸ். கொடுத்த பிறகும் குழந்தைக்குப் பேதி தொடர்வதைக் கண்டு, மருந்து பலிக்கவில்லை என்று தாய்மார் நிறுத்திவிடுவது வேதனைக்குரியது. கரைசலின் வேலை பேதியை அடைப்பதன்று, வெளியேறிய உப்பையும் நீரையும் திரும்பச் சேர்ப்பதே. குழந்தை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்க வேண்டும்.