மூன்றெழுத்தைக் கொண்டு சொல் தேடுதல்

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், பயணச்சீட்டில் ஊர்ப்பெயரின் பக்கத்தில் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துக்கள் நிற்பதைக் கண்டிருப்பர். நாகபுரிக்கு என்.ஜி.பி.; திருச்சிக்கு டி.பி.ஜே.; ஹௌராவுக்கு எச்.டபிள்யூ.எச். விஜயவாடாவுக்கு இன்றளவும் பெஜவாடா என்னும் பழம்பெயரை ஒட்டிய பி.இசட்.ஏ. தான். பத்தாம் வகுப்பு வரை தமிழிலேயே பயின்று, நாகபுரியில் ரயில்வே எழுத்தராக மூட்டைகளின் மேல் இக்குறிகளை எழுதிவரும் எனக்கு, தடுமாற்றமின்றி வரும் ஆங்கிலம் பெரும்பாலும் இம் மூன்றெழுத்துக்களே. மேலதிகாரி எதிரே வந்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் நா உலர்ந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குச் சென்ற ஆண்டு வெள்ளிக்கிழமைதோறும் வயிற்றுவலி வந்தது. சுக்குக் கஷாயத்துக்கு மசியாத வலி. காரணத்தைப் பிறகே அறிந்தோம். அன்றுதான் ஆசிரியை கரும்பலகையில் மூன்று எழுத்துக்களை எழுதி, அம்மூன்றும் அடங்கிய ஆங்கிலச் சொற்கள் பத்தினை எழுதப் பணிப்பாராம். எந்த வரிசையிலும் வரலாம். ஆயின் மூன்றும் வந்தாக வேண்டும். இவள் இரண்டு சொற்களுக்கு மேல் எழுதியதில்லை. “வீட்டில் கற்றுத்தர ஒருவரும் இல்லையா?” என்று வகுப்பின் நடுவில் கேட்டிருக்கிறார். அக்கேள்வி அவளைச் சுட்டதைக் காட்டிலும் என்னைச் சுட்டது.

அன்றிரவு எனக்குத் தெரிந்த எழுத்துக்களையே எடுத்துக்கொண்டோம். முதலில் பெஜவாடா. மகள் ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கினாள். அது வரும் சொற்களோ ஆயிரக்கணக்கில் உள்ளன. நெடுநேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள், ஒன்றும் அகப்படவில்லை. மூட்டை காணாமற்போனால் நாங்கள் கூட்டமான பெருநிலையத்தில் தேடத் தொடங்குவதில்லை. வண்டி அரிதாக நிற்கும் சிறுநிலையத்தில்தான் முதலில் விசாரிப்போம். அவ்வழக்கம் நினைவுக்கு வர, “இசட்டிலிருந்து தொடங்கம்மா” என்றேன். சற்று நேரத்தில் ஜீப்ரா வந்தது, தீக்கொழுந்தைக் குறிக்கும் பிளேஸ் வந்தது, பிறகு பஜார்! நம் கடைத்தெருச் சொல் ஆங்கில அகராதியிலும் குடியேறியிருப்பது அவளுக்குப் பெருவியப்பு.

எவ்வெழுத்து அரிது என்பதை அறிந்தோர் முன்பே கணக்கிட்டிருக்கின்றனர். தந்திக் குறியீடுகளை வகுத்த காலத்தில், அச்சுக்கூடத்தில் எந்த ஈய எழுத்து அதிகம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தே, மிகுதியாக வரும் ‘இ’க்கு ஒரே ஒரு புள்ளியை அளித்தனர், அரிதான எழுத்துக்களுக்கோ நீண்ட குறிகள். நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது, கணக்கு நிற்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாளின் பக்கங்களில் எழுத்துக்களை எண்ணி ஒரு விளையாட்டை அமைத்தார். 1948இல் ஸ்கிராபிள் என்று பெயர் பெற்றது அதுவே. அதன் 100 வில்லைகளில் ‘இ’ மட்டும் 12. ஜே, எக்ஸ், க்யூ, இசட் ஆகியவை ஒவ்வொன்றே.

இதனை அறிந்தபின் திருச்சி எளிதாயிற்று. டி, பி இரண்டையும் விடுத்து ஜேயைப் பற்றிக்கொண்டோம். ஆப்ஜெக்ட், சப்ஜெக்ட், ரிஜெக்ட் என்று ஒரு குடும்பமே வரிசையாக வந்தது. அதில் பி உடையது பிராஜெக்ட். ஜாக்பாட் என்பதைக் குதிரைப் பந்தயச் செய்தியிலிருந்து நான் சொன்னேன். மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

ஆயினும் அரிய எழுத்தே எப்போதும் கைகொடுக்கும் என்பதற்கில்லை. நாகபுரியின் என், ஜி, பி மூன்றும் ஓரளவு சாதாரண எழுத்துக்களே. அங்கே சொல்லின் ஈற்றைப் பார்க்க வேண்டும். ஐ-என்-ஜி என்று முடியும் சொற்கள் ஆங்கிலத்தில் கணக்கற்றவை. பி வரும் வினைச்சொல் எதனோடும் அதைச் சேர்த்தால் ஸ்லீப்பிங், ஜம்பிங் என்று பெருகிக்கொண்டே போகும். ஸ்பிரிங், பிஜன் என்பன தனியே கிடைத்தன. ஹௌராவுக்கு வேறொரு வழி. எச் எனும் எழுத்து தனித்து நிற்பதைவிட டபிள்யூ, சி, டி, எஸ் இவற்றின் தோளைப் பற்றிக்கொண்டு நிற்பதே மிகுதி. அகராதியின் மூலைமுடுக்கெல்லாம் தேடிக் களைத்த பின்னர், நாள்தோறும் வாயில் வழங்கும் விச் என்ற சொல்லிலேயே ஒரு டபிள்யூவும் இரண்டு எச்சும் இருக்கக் கண்டு இருவரும் சிரித்தோம்.

கைப்பேசியில் எழுத்துக்களைத் தட்டினால் நொடியில் பட்டியல் வரும் என்பது எனக்கும் தெரியும். ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் லிஸன், சைலண்ட் இரண்டும் ஒரே அடுக்காகிவிடும். கணிப்பொறிக்கு அது சிறுவேலை. ஆனால் வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் கைப்பேசி வராதே!

ஒரு வெள்ளியன்று தற்செயலாக நாகபுரியின் எழுத்துக்களே கரும்பலகையில் வந்தன. பத்துச் சொற்கள் எழுதினாள், ஒன்பதுக்கே மதிப்பெண். கிங்பின் என்ற சொல் அடிக்கப்பட்டிருந்தது. என், ஜி, பி மூன்றும் அதே வரிசையில் இடைவிடாமல் நிற்கும் அருமையான சொல் அது. லாரியின் முன்சக்கரத்தைத் திருப்ப உதவும் அச்சாணியின் பெயர். பார்சல் ஏற்ற வரும் ஓட்டுநரிடம் கேட்டு நான் சொன்னது. “அப்பா, நீங்கள் வந்து சொல்லுங்கள்” என்றாள் மகள்.

இரண்டு நாள் தயங்கினேன். பின்பு அகராதியில் அப்பக்கத்தில் பயணச்சீட்டு ஒன்றைச் செருகி எடுத்துச் சென்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த இரண்டு ஆங்கில வாக்கியங்களில் ஒன்று வாசற்படியிலேயே மறந்துபோயிற்று. மற்றதைச் சொல்லி, விரலால் சொல்லைக் காட்டினேன். ஆசிரியை படித்துப் பார்த்தார். மகளை அழைத்து மதிப்பெண்ணைத் திருத்தினார். அச்சொல்லைக் கரும்பலகையிலும் எழுதினார்.

இவ்வாண்டு சென்னைக்குச் சென்றபோது வழிநெடுக நிலையம் நிலையமாக விளையாடினோம். பல்லார்ஷாவில்தான் தடுக்கிவிட்டது. அதன் எழுத்துக்கள் பி, பி, க்யூ. முதல் பி பம்பாயினுடையது, அடுத்தது பூனாவினுடையது. க்யூவில் தொடங்கி, அதன் பின் யூவையும் நிறுத்தி, சென்னை சென்ட்ரல் வரை முயன்றோம், ஒன்றும் தேறவில்லை. கைப்பேசியைத் தொடக்கூடாது என்பது மகளின் கட்டளை. அன்பர்கள் எவரேனும் கண்டறிந்தால் அடுத்த சங்கக் கூட்டத்தில் அவளிடமே சொல்லலாம்; முதல் எழுத்தை மட்டும் சொன்னால் போதுமாம்.