முதல் மழையின் டிகாக்‌ஷன்

ஒரு ஹெக்டேர் மண் தரையில் 25 மி.மீ. மழை பெய்தால் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும். அதே ஒரு ஹெக்டேரில் தார் போட்டு வாகன நிறுத்துமிடம் ஆக்கிவிட்டால், விழும் இரண்டரை லட்சம் லிட்டரில் இரண்டு லட்சத்துக்கு மேல் வடிகாலுக்கு ஓடிவிடும். இந்தக் கணக்கு வெள்ளக் காலங்களில் எல்லோர் வாயிலும் வருகிறது. ஓடும் நீர் போகிற வழியில் எதையெல்லாம் கழுவிக்கொண்டு போகிறது என்பதைப் பற்றிப் பேச்சு குறைவு.

பட்டியல் நீளம். பிரேக்கிலிருந்து தாமிரம், டயர் துகளிலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் துத்தநாகம், எஞ்சினிலிருந்து எண்ணெய், புகைக்கரியிலிருந்து ஹைட்ரோகார்பன்கள், புல்தரை உரத்திலிருந்து நைட்ரேட்டும் பாஸ்பரஸும், நாய்க் கழிவிலிருந்து பாக்டீரியா. வறண்ட நாட்களில் இவை சாலையில் படிந்து சேர்கின்றன. மழை வந்ததும் நடப்பது ஃபில்டர் காபி சமாசாரம். முதலில் ஊற்றிய வெந்நீர் கெட்டி டிகாக்‌ஷனாக இறங்கும். இரண்டாம் தடவை இறங்குவது இளசு. மூன்றாவதை யாருக்கும் கொடுக்க முடியாது. சாலையின் அழுக்கிலும் பெரும்பங்கு முதல் சில மில்லிமீட்டர் மழையிலேயே இறங்கிவிடுகிறது. பொடி அதிகமானால் டிகாக்‌ஷன் கெட்டிப்படுவதுபோல, நீண்ட கோடைக்குப் பின் வரும் முதல் மழைநீர்தான் மிக மோசம். வெந்நீரை வேகமாகக் கொட்டினால் பொடியும் கலந்து இறங்கும். பேய்மழையில் வண்டலும் அப்படியே. ஆனால் ஊர் பெரிதாகப் பெரிதாக ஒரே ஃபில்டர் என்ற கணக்கு போய், தெருவுக்கொரு ஃபில்டர் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு தெருவின் முதல் டிகாக்‌ஷனும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்வதால், ஆற்று முகப்பில் எது கெட்டி, எது இளசு என்று பிரிக்க முடியாது. ஆகவே அழுக்கைப் பிடிக்க வேண்டிய இடம் தெருமுனைதான்.

மொட்டை மாடியில் மழைநீர் பிடிப்பவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுகிறார்கள். நகரத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் ‘வெளியே’ என்பது யாரோ ஒருவருடைய ஓடை.

அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் அப்படிப்பட்ட ஓடைகளுக்குக் கடலிலிருந்து முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், இலையுதிர்கால மழைக்குப் பின் நீர்மட்டத்தில் வாய் பிளந்து தவித்து, நிலை தடுமாறி, சில மணி நேரத்தில் செத்தன. வயிற்றில் முட்டை அப்படியே இருந்தது. ஆய்வாளர்கள் முதலில் சந்தேகப்பட்டது உலோகங்களையும் எண்ணெய்க் கழிவையும்தான். சாலை நீரில் இருக்கும் அளவிலோ அதற்கு மேலாகவோ அவற்றைக் கலந்து மீன்களை விட்டுப் பார்த்தார்கள். அந்த நோய் வரவில்லை. ஒன்பது மழைகளில் நெடுஞ்சாலையிலிருந்து பிடித்த நீரில் விட்டபோது மீன்கள் செத்தன. அதே நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த படுகை வழியாக இறக்கிவிட்டுக் கொடுத்தபோது பிழைத்தன. இந்த முடிவு 2016-ல் வெளியானது. நஞ்சு எதுவென்று தெரியும் முன்பே மருந்து கிடைத்துவிட்டது.

நஞ்சின் பெயர் 2020 டிசம்பரில்தான் தெரிந்தது. ஓசோன் தாக்கி டயர் ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்க 6பிபிடி என்ற ரசாயனம் சேர்க்கப்படுகிறது. அது மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, ரப்பருக்கு முந்தி தானே ஓசோனோடு வினைபுரிகிறது. அப்போது உண்டாகும் பொருள்களில் ஒன்றான 6பிபிடி-குயினோன்தான் மீனைக் கொல்கிறது. 2022-ல் திருத்திய கணக்குப்படி, லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே பாதி கோஹோக்களைக் கொல்லப் போதும். அதே ஓடைக்கு வரும் ‘சம்’ என்ற இன்னொரு வகை சால்மனை அது கொல்வதில்லை.

மழைநீர் அழுக்கைக் கட்டுப்படுத்தும் முயற்சியின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவின் 1972-ம் ஆண்டு தூய நீர்ச் சட்டம் முக்கியமாக ஆலைக் குழாயையும் சாக்கடைக் குழாயையுமே குறிவைத்தது. மழைநீர் வடிகாலுக்கும் உரிமம் வேண்டும் என்ற திருத்தம் 1987-ல்தான் வந்தது. மழைத்தோட்டம் எனப்படும் மண் படுகையை 1990-களின் தொடக்கத்தில் மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அந்தப் படுகையின் வேலை ஒவ்வோர் அழுக்கின் குணத்தையும் பொறுத்தது. வண்டலும் டயர் துகளும் மேலடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. தாமிரமும் துத்தநாகமும் நேர்மின் அயனிகள்; களிமண், மட்கு ஆகியவற்றின் பரப்பு எதிர்மின் கொண்டது; இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய்ப் பொருள்களுக்கும் குயினோனுக்கும் நீரைவிட மட்கிய கரிமப் பொருளோடுதான் ஒட்டுதல் அதிகம். ஹைட்ரோகார்பன்களை நுண்ணுயிரிகள் அடுத்த மழைக்கு முன் நிதானமாகத் தின்று தீர்க்கின்றன. மழை நாளில் பிடித்துவைப்பதும் வெயில் நாளில் செரிப்பதுமாக வேலை நடக்கிறது.

நைட்ரேட் மட்டும் எதிர்மின் அயனி என்பதால் மண்ணில் ஒட்டாமல் நழுவிவிடும். அதற்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. அடியில் உள்ள வெளியேற்றுக் குழாயை ஒரு முழங்கை இணைப்பு போட்டு மேல்நோக்கித் திருப்பிவிட்டால், கீழடுக்கில் எப்போதும் நீர் தேங்கி நிற்கும். அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மூச்சுக்கு வேறு வழியில்லாத பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. மிச்ச நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. அவற்றுக்குத் தீனியாகக் கொஞ்சம் மரச்சீவல் போதும். மேலே காற்றோட்டம், கீழே மூச்சுமுட்டல் என இரண்டு எதிரெதிர் ரசாயனக் கூடங்கள் ஒரே குழிக்குள் அமைகின்றன. கூடுதல் செலவு ஒரு குழாய்த் துண்டு.

குறைகளும் உண்டு. குயினோனைப் பிடிக்கும் அதே மட்கிய உரம், புதிதில் பாஸ்பரஸைக் கசியவிடுகிறது. பாசி படர்ந்த ஏரிக்குப் பக்கத்தில் அந்தக் கலவையைக் கொட்டுவது புத்திசாலித்தனமாகாது. மேலடுக்கு அடைத்துக்கொண்டால் சுரண்டி மாற்ற வேண்டும். உலோகங்கள் சிதைவதில்லை, சேர்ந்துகொண்டே போகும். திருட்டுத்தனமாகச் சாக்கடை இணைப்பு கொடுக்கப்பட்ட சென்னை மழைநீர் வடிகால்கள் போன்றவற்றை எந்த மண் படுகையும் கரையேற்றாது. முதலில் அந்த இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும்.

மழையை உறிஞ்சிக்கொள்ளும் நகரம் என்ற ‘ஸ்பாஞ்ச் சிட்டி’ விளம்பரங்களில் இந்தக் குறைகள் இடம்பெறுவதில்லை. சீனாவில் அந்தத் திட்டத்துக்குப் பெரும் பணம் ஒதுக்கிய செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. கொட்டியது, நகரம் மூழ்கியது. அடிக்கடி வரும் சிறு மழைக்கும் பெருமழையின் முதல் பகுதிக்கும் அளவெடுத்துச் செய்த படுகையிடம் பேரிடரைத் தடுக்கும்படி கேட்பது விளம்பரதாரரின் பிழை, மண்ணின் பிழை ஆகாது.

மலிவான வடிகட்டல் அழுக்கை ஊற்றிலேயே குறைப்பதுதான். பிரேக் தாமிரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை வாஷிங்டன், கலிபோர்னியா மாநிலங்கள் 2010-ல் இயற்றின. 6பிபிடி கலந்த டயர்களைத் தயாரிப்போர் அதற்கு மாற்றை ஆராய வேண்டும் என்று கலிபோர்னியா 2023-ல் விதித்தது. ஓசோனைத் தாங்கவும் வேண்டும், மீனைக் கொல்லவும் கூடாது. அப்படி ஒரு பொருள் டயர்களில் இடம்பிடிக்கும் வரை தெருமுனைப் படுகைக்கு வேலை இருக்கும்.